ஆங்கில இலக்கியம் சோறு போடுமா?

அன்புள்ள ஐயா,

விருத்தாசலத்தில் சிறிய மளிகைக் கடை வைத்திருக்கிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு, ஆங்கில இலக்கியம்தான் படிப்பேன் என்று உறுதியாக நிற்கிறாள். இங்குள்ள அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்கும். கோயம்புத்தூரில் ஒரு தனியார் கல்லூரியிலும் இடம் தருகிறார்கள். விடுதியோடு சேர்த்து ஆண்டுக்கு ஒன்றேகால் லட்சம் ஆகும், கடன் வாங்கித்தான் கட்ட வேண்டும். பி.காம். சேர்த்துவிடு, இலக்கியம் சோறு போடாது என்கிறார்கள் உறவினர்கள். நீங்கள் அதைப் படித்தவர் என்பதால் கேட்கிறேன். போட்ட பணம் திரும்பி வருமா?

சு., விருத்தாசலம்

அன்புள்ள சு. அவர்களுக்கு,

கடை நடத்துபவரின் கேள்வி என்பதால் முதலில் முதலீட்டைப் பற்றிப் பேசிவிடுவோம். கோயம்புத்தூர் என்றால் மூன்று ஆண்டுகளில் 3,75,000 ரூபாய், அதற்குமேல் வட்டி. அரசுக் கல்லூரியில் கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரத்துக்குள் முடிந்துவிடும். அத்துடன், அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்காக 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் உங்கள் மகளுக்கு மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். முதல் சில ஆண்டுகள் குறைந்த சம்பளமே தரும் இந்தப் பட்டத்துக்காகக் கடன் வாங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. தனியார் கல்லூரிகள் சில, பாடப்பெயரோடு வேறொன்றைச் சேர்த்துப் புதிய பெயரில் பட்டம் தருகின்றன. அரசு வேலைக்கு அது பி.ஏ. ஆங்கிலத்துக்கு இணையானது என்ற அரசாணை இருக்கிறதா என்று கேட்காமல் சேர்ந்துவிட்டுப் பின்னால் அலைந்தவர்களை நான் அறிவேன்.

இனி வரவு. பி.ஏ.வை மட்டும் வைத்துக்கொண்டு, எந்தப் பட்டதாரியும் எழுதக்கூடிய குரூப் 2 போன்ற தேர்வுகளை எழுதலாம். அதில் இலக்கியத்துக்கென்று தனி மதிப்பு இல்லை. ஆசிரியர் வேலைக்குப் போவதென்றால் மேலும் இரண்டு ஆண்டு பி.எட்., பிறகு தகுதித் தேர்வு, அதில் தேறியபின் போட்டித் தேர்வு. இவ்வளவும் கடந்து அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியரானால் அடிப்படை ஊதியம் 36,400 ரூபாயில் தொடங்கும். ஆனால் அறிவிப்புக்கும் அறிவிப்புக்கும் நடுவே ஆண்டுகள் ஓடிவிடுகின்றன, அதுவரை தனியார் பள்ளிகளில் பலர் வாங்குவது அதில் பாதிகூட இல்லை. எம்.ஏ.வில் 55 விழுக்காடு எடுத்து நெட் அல்லது செட் எனும் தேசிய, மாநிலத் தகுதித் தேர்வுகளில் ஒன்றில் தேறினால் கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்குத் தகுதி வரும். தொடக்க அடிப்படை ஊதியம் 57,700. அந்த நிலையை எட்டுமுன் நிரந்தரமில்லாத கௌரவ விரிவுரையாளராகவே பத்துப் பதினைந்து ஆண்டுகளைக் கழித்துவிட்டவர்கள் என் நண்பர்களிலேயே உண்டு என்பதையும் உங்களிடம் மறைக்கக் கூடாது.

எனக்குச் சோறு போட்டது இந்த வழிகளில் எதுவும் அல்ல. வெளிநாட்டு ஆய்விதழ்களையும் பாடநூல்களையும் செப்பம் செய்து அச்சுக்கோர்த்து அனுப்பும் நிறுவனங்கள் சென்னையிலும் புதுச்சேரியிலும் நிறைய உண்டு. அவற்றில் ஒன்றில், அச்சுக்குப் போகுமுன் கட்டுரைகளைத் திருத்தும் காப்பி எடிட்டராகச் சேர்ந்தேன். நேர்காணலில் ஒரு மருத்துவக் கட்டுரையின் இரண்டு பக்கங்களைக் கொடுத்து ஒரு மணி நேரம் தந்தார்கள். எழுத்துப்பிழைகளை எல்லோரும் திருத்திவிட்டோம். ஆனால் கட்டுரையில் 48 நோயாளிகள் என்றிருந்தது, அட்டவணையைக் கூட்டினால் 84 வந்தது. இதை எங்களில் ஒரு பெண் மட்டுமே கண்டுபிடித்தார். அவரும் எண்ணைத் தாமாக மாற்றிவிடாமல், எது சரி என்று கட்டுரையாளரிடம் கேட்கும் ‘ஆதர் கொயரி’யை ஓரத்தில் இரண்டே வரியில், பணிவாகவும் தெளிவாகவும் எழுதியிருந்தார். ஐந்தே ஆண்டுகளில் அவர் குழுத்தலைவர் ஆனார். எழுத்துப்பிழையையும் இலக்கணத்தையும் இன்று மென்பொருளே திருத்திவிடுவதால் தொடக்கநிலை வேலைகள் குறைந்துவருகின்றன. ஒரு பத்தி என்ன சொல்ல வருகிறது, அதைச் சொல்லிவிட்டதா என்று பார்க்கத் தெரிந்தவருக்கு இன்னும் கூலி இருக்கிறது; மென்பொருள் கையேடு எழுதுவது, மொழிபெயர்ப்பு, ஊடகம் என்று அந்தத் திறமை வேறு இடங்களிலும் விலைபோகிறது.

ஆகவே உங்கள் மகளுக்கு வருமானம் தரப்போவது, மூன்று ஆண்டுகளில் அவர் எத்தனை பக்கங்களைத் தாமே படித்து, தாமே எழுதினார் என்பதுதான். இதைச் சொல்லும்போது எனக்கு மிகுந்த வருத்தம் உண்டு. மூல நூலைத் தொடாமல், கதைச்சுருக்க நோட்ஸை மனப்பாடம் செய்தே பட்டம் வாங்கிவிட முடிகிறது. அப்படி வாங்கிய எத்தனையோ பிள்ளைகள் விடுப்பு விண்ணப்பம் ஒன்றை ஆங்கிலத்தில் பிழையின்றி எழுத முடியாமல் கூனிக் குறுகி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள்மேல் எனக்குக் குறையில்லை. மூன்று ஆண்டும் அவர்கள் எழுதிய ஒரு பக்கத்தையாவது யாரும் உட்கார்ந்து திருத்திக் கொடுக்கவில்லை. உறவினர்கள் சொல்லும் பி.காம். பட்டத்துக்கு டேலி, ஜி.எஸ்.டி. தெரிந்தவருக்கு உள்ளூரிலேயே கணக்கெழுதும் வேலை என்ற பலம் உண்டு, அதை மறுக்கமாட்டேன். ஆனால் விருப்பமில்லாத பாடத்தில் பாதி மனத்தோடு உட்காரும் பிள்ளைக்கு அந்தப் பலமும் கைகூடாது.

உள்ளூர்க் கல்லூரியிலேயே சேருங்கள். மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதியை பி.எட். அல்லது எம்.ஏ.வுக்கென்று இப்போதே தனியாக எடுத்து வையுங்கள். கல்லூரி திறப்பதற்குள், உங்கள் கடையில் ஒரு காலைப்பொழுது எப்படிப் போகிறது என்று அவரையே ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதச் சொல்லி எனக்கு அனுப்புங்கள். பிழைகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். வரிக்கு வரி திருத்தி, காரணத்தையும் ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்புகிறேன்.