வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் குறி போட்ட பிறகு எஞ்சின் பில்லை மறுக்கலாமா?

கேள்வி: சிங்கப்பூரில் 2014இல் பதிவான டீசல் கார் வைத்திருக்கிறேன். 2024இல் ஐந்தாண்டுக்கு சிஓஇ (கார் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்தேன். புகை வந்ததால், 11 ஆண்டுகளாகப் போகும் ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் பாகம்) மாற்ற 3,800 வெள்ளி என்றார்கள், கட்டினேன். எஞ்சினைத் திறந்ததும் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரும், எஞ்சின் வால்வுகளை நேரத்துக்கு இயக்கும் டைமிங் செயினும் போய்விட்டதாக வாட்ஸ்அப்பில் சொன்னார்கள். இப்போது பில் 9,200. ஓட்டிப் பார்த்தால் புகை நிற்கவில்லை. மீதி 5,400 தந்தால்தான் கார் என்கிறார் முதலாளி. என் மனைவியிடம் கத்தவும் செய்தார். போலீசுக்குப் போகலாமா? காரை எப்படியாவது மீட்டு, காக்கி புக்கிட்டில் தெரிந்தவரிடம் பிரித்துக் காட்டிவிட்டு வழக்குப் போடலாமா?
– உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: ஐயா, 11 ஆண்டுப் பழக்கத்தையும் அவர் கத்தியதையும் ஒதுக்கி வையுங்கள். உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் இந்த வழக்கு போகக்கூடிய சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில், நடுவர் அதற்கு ஒரு காசும் தரமாட்டார். போலீசும் வேண்டாம். பழுது பார்த்தவர் கூலி வரும்வரை வண்டியைப் பிடித்துவைக்கச் சட்டத்தில் இடமுண்டு. வாங்கிய பொருள் பழுதாக இருந்தால் விற்றவரிடம் நிவாரணம் கேட்க உதவும் லெமன் சட்டம் இந்தக் காருக்காக அவர்மீது பாயாது, காரை உங்களுக்கு விற்றவர் அவரல்ல.

நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் படத்தில்தான் வழக்கே இருக்கிறது. இன்ஜெக்டரும் செயினும் பற்றிய 40 விநாடி குரல் செய்தி, கீழே நீங்கள் போட்ட கட்டைவிரல் குறி. அவர் விலை சொல்லவில்லை, நீங்களும் கேட்கவில்லை. அது சம்மதம். ஆகவே "என்னைக் கேட்காமல் செய்தார்கள்" என்ற வாதம் நிற்காது. விலை பேசாத வேலைக்கு நியாயமான கூலி எவ்வளவோ அதைத் தரவேண்டும். மிஞ்சுவது ஒரே கேள்விதான்: வேலையைத் திறமையோடு செய்தார்களா? செய்யவில்லை என்று நிரூபிக்க வேண்டியவர் நீங்கள்.

இந்த இடத்தில்தான் பலர் விழுகிறார்கள். துவாஸில் சிறிய லாரித் தொழில் செய்யும் ஒருவர், அதே மன்றத்தில் தோற்ற பிறகு என்னிடம் வந்தார். ரிப்பேர் முடிந்த மூன்றாம் வாரமே எஞ்சின் தட்ட ஆரம்பித்திருக்கிறது. ஆத்திரத்தில் நேராக இன்னொரு மெக்கானிக்கிடம் விட்டார். அந்த மனிதர் நல்ல வேலைக்காரர்தான். எஞ்சின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப் தொட்டியைக் கழற்றினார், அடியில் இரும்புத் துகள் மினுங்கியது, ஒரு படம் எடுத்தார், சம்பை டீசல் ஊற்றிக் கழுவிவிட்டார். நடுவர் முன் முதல் ஒர்க்‌ஷாப்காரர் கேட்டது ஒன்றே ஒன்று: "இது என் கையில் கெட்டதா, அடுத்தவர் கையில் கெட்டதா?" பதில் சொல்ல ஆதாரம் இல்லை. அந்த மன்றத்தில் வழக்கறிஞர் வாதாட முடியாது. சட்டப் பிரச்சினைக்கும் அதிகார வரம்புக்கும் மட்டுமே மேல்முறையீடு. உண்மை எது என்பதில் தோற்றால் தோற்றதுதான்.

காக்கி புக்கிட் நண்பர் ஸ்கேனரைச் செருகினால், காரின் கணினியில் பதிவான பழைய ஃபால்ட் கோடுகளை (பழுதுக் குறியீடுகளை) அழித்துவிடக்கூடும். பல மெக்கானிக்குகளின் கைப்பழக்கம் அது. அழித்தால் உங்கள் சாட்சி அந்த நொடியில் போய்விடும். எனவே எதையும் பிரிப்பதற்கு முன், கார் இருக்கும் இடத்திலேயே, இரு தரப்பையும் சேராத ஒரு மோட்டார் சர்வேயரை (வாகனப் பழுதைச் சோதித்து அறிக்கை தருபவரை) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கோடுகளை அச்சிட்டு, சிலிண்டர்களின் அழுத்தமான கம்ப்ரஷனை அளந்து, ஆயில் மாதிரி எடுத்து எழுத்தில் தரட்டும். முதலாளி உள்ளே விடவில்லையென்றால், அந்த மறுப்பையும் எழுத்தில் வாங்குங்கள்.

அறிக்கை உங்களுக்கு எதிராகவும் வரலாம். டர்போவில் ஆயில் கசியாமல் தடுக்கும் சீல் போன காரில், காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரிலும் புகைக்குழாயிலும் தேங்கிய ஆயில், புது டர்போ போட்ட பின்னும் சில நாள் எரிந்து புகையும். எஞ்சினுக்குள் ஆயில் மேலேறாமல் தடுக்கும் பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் டர்போ, இன்ஜெக்டர் இரண்டையும் மாற்றியும் புகை நிற்காது. "பத்து வருஷம் தாண்டிய எஞ்சின், நான் தொட்டதெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது" என்பார் முதலாளி. நடுவர் அதை நம்ப வாய்ப்பு அதிகம்.

அதனால் சொல்கிறேன், சமரசம் செய்யுங்கள். ஐந்தாண்டுக்குப் புதுப்பித்த சிஓஇயை மீண்டும் புதுப்பிக்க முடியாது. இந்தக் காருக்கு 2029தான் கடைசி. புதுப்பித்தபோதே பார்ஃப் தொகையும் (பத்தாண்டுக்குள் பதிவை ரத்து செய்தால் திரும்பக் கிடைக்கும் பணம்) போய்விட்டது. பதிவை முன்கூட்டியே ரத்து செய்தால் கிடைப்பது, சிஓஇயின் மீதிக் காலத்துக்கான பங்கு. எஞ்சின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அது ஒரே தொகைதான், நாளாக ஆகக் கரையும். பதிவை ரத்து செய்தால் ஒரு மாதத்துக்குள் வண்டியை ஸ்கிராப்புக்கோ ஏற்றுமதிக்கோ அனுப்பியாக வேண்டும். வண்டி அவர் கொட்டகையில் நிற்கும்வரை அதுவும் நடக்காது. அதற்குள் சாலை வரி, காப்புறுதி எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். இந்த எஞ்சினில் இனி ஒரு வெள்ளி போடுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

5,400க்குப் பதில் 3,000 என்று பேச ஆரம்பியுங்கள். 3,500இல் முடிந்தால் வாங்கிக்கொண்டு வாருங்கள். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற தாளை நீட்டினால், தொகை குறைந்தால் மட்டுமே கையெழுத்து. முழுப் பணமும் கட்டித்தான் எடுக்கவேண்டும் என்றால், ரசீதிலேயே "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று எழுதுங்கள். கோரிக்கை தொடுக்க இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு, 20,000 வெள்ளி வரம்புக்குள்தான் இருக்கிறீர்கள்.

இன்றே ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள்: "கழற்றிய டர்போ, இன்ஜெக்டர், செயின் மூன்றும் எனக்கு வேண்டும். தூக்கிப்போட வேண்டாம்." பழைய சாமான்காரர் லாரி வந்து போய்விட்டால் அதைக் கேட்டும் பயனில்லை.