கேள்வி – பதில்: அலுமினியத்துக்கு எதற்கு வெள்ளிப் பெயிண்ட்?

கேள்வி: பழைய ஆல்ஃபா ரோமியோ 2000 இன்ஜினை இறக்கி வீட்டு கராஜில் வைத்திருக்கிறேன். உள்ளே முழுசாக ஓவரால் செய்து, வெளியே வெள்ளிப் பெயிண்ட் அடித்துப் புதுசாக்க ஆசை. எதில் தொடங்குவது?

பெயிண்ட் இன்னும் வாங்கவில்லை என்றால் வாங்காதீர்கள். 1954-ல் ஜூலியெட்டா ஸ்பிரிண்ட் காரில் 1290 சிசி-யாக வந்த நாளிலிருந்தே இந்த ட்வின் கேம் (வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் இரண்டு உள்ள) இன்ஜினுக்கு உடலான பிளாக்கும் அதன் மேல் உட்காரும் ஹெட்டும் அலுமினியம்தான். வார்ப்பின் அந்தச் சாம்பல் நிறத்தைப் பெயிண்டால் மூட எனக்கு மனசு வராது. கண்ணாடிபோல பாலிஷ் போடுவதும் வேண்டாம். தண்ணீரோடு பொடிக் கண்ணாடி மணிகளைக் கலந்து பீச்சும் வேப்பர் பிளாஸ்டிங் செய்தால் போதும், வார்ப்பின் பழைய முகம் திரும்பி வரும். காஸ்டிக் சோடாவில் மட்டும் ஊறப் போடாதீர்கள், அது அலுமினியத்தைத் தின்றுவிடும்.

ஆனால் இந்த அழகு வேலையெல்லாம் இன்ஜின் முழுசாகப் பிரிந்து கிடக்கும்போதே முடிய வேண்டும். ஆயில் வழியில் தங்கிவிட்ட ஒரு சிட்டிகை கண்ணாடி மணி புது பேரிங்கைக் கீறிப் போட்டுவிடும். ஆயில் வழிகளின் பிளக்குகளைக் கழற்றி, நீளமான பிரஷ் விட்டு, சோப்புத் தண்ணீரில் கழுவி, காற்றடித்து, மறுபடியும் கழுவுங்கள். வெள்ளைத் துணியைத் திணித்து இழுத்தால் அழுக்கு ஒட்டக் கூடாது. பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்டுக்குள்ளும் ஆயில் வழியை அடைத்த அலுமினியப் பிளக்குகள் இருக்கின்றன. அவற்றின் பின்னால் வருஷக்கணக்கான சகதி இறுகிக் கிடக்கும். துளைத்து எடுத்துச் சுத்தம் செய்து, புதுப் பிளக் அடிக்கச் சொல்லுங்கள். வெளியே எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும், இதைச் செய்யாத இன்ஜினை நான் ஓவரால் ஆனதாகவே எடுத்துக்கொள்ள மாட்டேன்.

பிரிக்கும்போது ஹெட் வர மறுக்கும். ஹெட்டைப் பிளாக்கோடு பிடிக்கும் இரும்புத் திருகுக் கம்பியான ஸ்டட்டும் அலுமினியமும் அரித்துப் பிடித்துக்கொள்வதுதான் காரணம். ஒவ்வொரு ஸ்டட்டைச் சுற்றியும் துரு இளக்கும் ஆயிலை விட்டுப் பொறுமையாக நேர் மேலே தூக்குங்கள். இடுக்கில் ஸ்குரூடிரைவரைச் செருகி நெம்பினால் ஹெட்டின் முகம் போச்சு. ஹெட் வந்த பிறகு கிராங்கைச் சுற்ற வேண்டி வந்தால் முதலில் பிஸ்டன் ஓடும் குழாய்களான லைனர்களைக் கிளாம்ப் போட்டு அமுக்குங்கள், இல்லாவிட்டால் பிஸ்டனோடு சேர்ந்து அவையும் எழும்பிவிடும்.

திரும்பச் சேர்க்கும்போது அதிக நேரத்தை லைனருக்குக் கொடுங்கள். இவை தண்ணீர் சூழ நிற்கிற இரும்பு லைனர்கள். பிளாக்கின் முகத்துக்கு மேல் 0.01 முதல் 0.06 மி.மீ. வரை நீட்டியிருக்க வேண்டும். கீழே இறங்கியிருந்தால், பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே போடும் கேஸ்கட் அமுங்காது, கம்ப்ரஷன் கசியும். அடியில் போடும் ரப்பர் வளையம் இல்லாமல், லைனரைக் கையால் அழுத்தி, நுண்ணிய அளவை முள்ளால் காட்டும் டயல் கேஜ் வைத்து ஒவ்வொன்றையும் பல இடங்களில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அளவு சரியாக வந்த பிறகுதான் வளையத்தைப் போட்டு இறக்க வேண்டும்.

ஒன்று மறக்கக் கூடாது. எக்ஸாஸ்ட் வால்வுகளுக்குள் சோடியம் நிரப்பியிருக்கிறார்கள். தேய்ந்த வால்வை அறுத்துப் பார்க்காதீர்கள். சோடியத்தில் தண்ணீர் பட்டால் தீப்பிடிக்கும்.

கேள்வி: ஃபெராரி 308 குவாட்ரோவால்வோலே இன்ஜினின் கேம் கவரில் (கேம் ஷாஃப்டை மூடும் மேல்மூடியில்) சிவப்புச் சுருக்கப் பெயிண்ட் உரிகிறது. வீட்டில் அடிக்க முடியுமா?

தாராளமாக முடியும். பழைய பெயிண்டை முழுசாக எடுத்துவிட்டு, கவரை முதலில் சூடாக்குங்கள். வார்ப்பின் நுண்துளைகளில் ஊறிய ஆயில் வேர்த்து வெளியே வரும். துடைத்து, மறுபடி சூடாக்கி, வருவது நிற்கும்வரை செய்யுங்கள். பெயிண்ட் உரிவதற்குப் பெரும்பாலும் இந்த ஆயில்தான் காரணம்.

கேஸ்கட் உட்காரும் முகத்தையும் போல்ட் துளைகளையும் மறைத்துவிட்டு, கவரை மட்டமாகக் கிடத்தித் தடிமனாக அடியுங்கள். நீளவாக்கில் ஒரு கோட், சில நிமிஷம் விட்டுக் குறுக்கே ஒன்று, அப்புறம் மூலைவாக்கில் ஒன்று. காய்ச்சிய பாலில் ஆடை சுருங்குவதுபோல, மேல் தோல் முதலில் காய்ந்து அடிப்பகுதி ஈரமாக இருக்கும்போதுதான் சுருக்கம் விழுகிறது. மெல்லிசாக அடித்தால் சுருக்கமே வராது. எல்லாப் பக்கமும் ஒரே அளவாகச் சூடு காட்டினால் சுருக்கமும் ஒரே சீராக இருக்கும். நன்றாக இறுகிய பிறகு மட்டமான மரக்கட்டையில் உப்புத்தாளைச் சுற்றி, மேடாக நிற்கும் எழுத்துகளை மட்டும் தேய்த்து அலுமினியத்தை வெளியே எடுங்கள்.

கேள்வி: ஓவரால் முடிந்த இன்ஜினை முதல் தடவை எப்படி ஸ்டார்ட் செய்வது?

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஆயில் பிரஷர் முள் ஏறும்வரை ஸ்டார்ட்டரை விட்டு விட்டுச் சுற்றுங்கள். அதற்குப் பிறகுதான் பிளக்கும் பெட்ரோலும். கேம் ஷாஃப்ட் புதிதாக இருந்தால் ஐடிலில் விடாமல், 2000 ஆர்.பி.எம். பக்கத்தில் ஏற்றி இறக்கி 20 நிமிஷம் ஓட்டுங்கள். தண்ணீர்ச் சூட்டையும் ஆயில் பிரஷரையும் விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். நிறுத்தி, முழுசாக ஆறிய பிறகு ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். பழைய ஃபில்டரை வெட்டிப் பிரித்து உள்ளே உலோகத் துகள் மின்னுகிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள்.