மசிஃப் சாந்த்ராலில் தனியாக பைக் பயணம்: கேள்வி பதில்

பிரான்சின் தெற்குக்கும் நடுவுக்கும் இடையே பரந்து கிடக்கும் மலைநாடு மசிஃப் சாந்த்ரால். காந்தால் எரிமலைகள், ஒப்ராக் மேய்ச்சல் பீடபூமி, தார்ன் பள்ளத்தாக்கு, செவென் மலைகள் எல்லாம் இதற்குள் அடக்கம். அங்கே தனியாக பைக்கில் சுற்றக் கிளம்புகிறவர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும் இவை.

கேள்வி: அண்ணா, மே கடைசியில் நாலு நாள் லீவு. லியோனிலிருந்து கிளம்புகிறேன். தினமும் 400 கி.மீ. என்று திட்டம். எல்லா ஓட்டலையும் இப்போதே புக் பண்ணிவிடலாமா?

வேண்டாம் தம்பி. 400-ஐ 200 ஆக்குங்கள். 2018 ஜூலை முதல் இரண்டு வழிக் கிராமச் சாலைகளில் வேக வரம்பு 80. சில மாவட்டங்கள் சில சாலைகளில் 90-க்குத் திரும்பியிருக்கின்றன, அதைப் பலகை பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். எப்படி ஓட்டினாலும் வளைவுகளில் சராசரி 50-ஐத் தாண்டாது. முதல் ராத்திரிக்கு மட்டும் அறை போடுங்கள். நாலு ராத்திரிக்கும் போட்டுவிட்டால், மழை எந்தப் பக்கம் இருந்தாலும் அதற்குள்ளேயே போயாக வேண்டியிருக்கும். நீண்ட வார இறுதி குறுக்கிட்டால் மட்டும் முன்பதிவு அவசியம்.

கேள்வி: காலையில் வெயில், மதியம் ஆலங்கட்டி என்கிறார்கள். அப்படியென்றால் எதை நம்பித் திட்டம் போடுவது?

காற்றின் திசையை. மற்ற எல்லாக் கேள்விகளையும்விட இதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன்.

இந்த மலைநாட்டுக்குள் மழை இரண்டு வாசல் வழியாக வருகிறது. ஒன்று மேற்கு. அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று முதலில் காந்தால் மலைகளில் மோதிக் கொட்டிவிடும். 1,580 மீட்டருக்கு மேலே உள்ள பா த பெரோல் கணவாயில் நீங்கள் நனைந்துகொண்டிருக்கும்போது, தென்கிழக்கே கோஸ் எனப்படும் சுண்ணாம்புப் பீடபூமிகளில் சாலை காய்ந்து கிடக்கும். இன்னொன்று தெற்கு. மத்தியதரைக் கடலின் சூடான ஈரக்காற்று செவென் மலைகளில் மோதி மேலேறும்போது ஒரே நாளில் 200 மி.மீ.க்கு மேல் கொட்டிவிடும். செப்டம்பர் முதல் நவம்பர் வரை இதற்கான காலம். அந்த நேரத்தில் வடக்கே காந்தாலில் வெறும் மேகமூட்டம் மட்டும் இருக்கலாம்.

ஆகவே ராத்திரி சாப்பிட்டதும் மறுநாள் காற்று எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். மேற்குக் காற்று என்றால் தெற்கே இறங்குங்கள், தெற்குக் காற்று என்றால் வடக்கே ஏறுங்கள். பிரான்சின் வானிலைத் துறையான மெத்தியோ பிரான்ஸ் தினமும் மாவட்டவாரியாக எச்சரிக்கை வரைபடம் வெளியிடுகிறது: பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. கார், லோசேர், ஆர்தேஷ் மாவட்டங்களில் மழைக்கு ஆரஞ்சு காட்டினால் செவென் பக்கம் பைக்கைத் திருப்பவே கூடாது. அங்குள்ள ஆறுகள் சில மணி நேரத்தில் பாலத்தைத் தொடும்.

கோடையில் கதை வேறு. இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் கட்டும். காலை ஏழரைக்குக் கிளம்பி, மூன்று மணிக்குள் உயரமான இடங்களிலிருந்து இறங்கிவிடுங்கள்.

உயரத்தையும் கணக்கில் எடுங்கள். பள்ளத்தாக்கில் இருக்கும் ஃப்ளோராக் ஊரில் 22 டிகிரி என்றால், சுமார் ஆயிரம் மீட்டர் மேலே மோன் எகுவால் உச்சியில் 15, 16 தான் இருக்கும். அங்கே காற்றும் சேர்ந்துகொள்ளும். சும்மாவா 1894-இல் அந்த உச்சியில் கோட்டை மாதிரி கல்லால் வானிலை நிலையம் கட்டினார்கள்!

கேள்வி: மழைக்கோட்டு எப்போது போடுவது?

முதல் துளி விழும் முன். நனைந்த ஜாக்கெட்டின் மேல் மழைக்கோட்டைப் போட்டால் உள்ளே குளிர் தங்கிவிடும். மழைப் பேன்ட்டை பூட்ஸைக் கழற்றாமலே மாட்ட ஒரு வழி உண்டு: பூட்ஸின் மேல் பிளாஸ்டிக் பை ஒன்றைச் சுற்றிக்கொண்டு நுழையுங்கள், ரப்பர் அடிப்பாகம் சிக்காமல் வழுக்கிக்கொண்டு போகும். கையுறைக்குள் மெல்லிய நைட்ரில் கையுறை போட்டுக்கொண்டால், வெளிக் கையுறை ஊறினாலும் விரல் விறைக்காது. பிரான்சில் 2016 நவம்பர் முதல் சிஇ (ஐரோப்பியத் தர) முத்திரையுள்ள கையுறை கட்டாயம். ஒளிரும் மஞ்சள் சட்டை ஒன்றும் கையோடு இருக்க வேண்டும்.

கேள்வி: சென்னையிலிருந்து வந்து பைக் வாடகைக்கு எடுக்கிறேன். வலதுபக்கம் ஓட்டிப் பழக்கமில்லை. சமாளிக்கலாமா?

சமாளிக்கலாம். ஆர்டிஓவில் வாங்கும் சர்வதேச பர்மிட்டில் இருசக்கர வாகனப் பிரிவு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், அசல் லைசென்ஸும் கூடவே இருக்கட்டும்.

ட்ராஃபிக்கில் குழப்பம் வராது, முன்னால் போகிறவரைப் பார்த்தே போய்விடுவீர்கள். ஆபத்து ஆளில்லாத சாலையில்தான். பெட்ரோல் போட்டுவிட்டோ, படம் எடுத்துவிட்டோ கிளம்பும்போது கை தானாக இடதுபக்கம் இழுக்கும். ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் சாலையின் வலது ஓரத்திலேயே நிறுத்துங்கள்.

அப்புறம், கிராமங்களுக்குள் வலப்பக்கச் சந்திலிருந்து வருகிறவருக்கே முன்னுரிமை. மஞ்சள் வைரப் பலகை இருந்தால்தான் உங்கள் சாலைக்கு முன்னுரிமை. குறுக்குக்கோடு போட்ட மஞ்சள் வைரம் வந்தால் அது முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

கேள்வி: ஈரச் சாலையில் எதற்குப் பயப்பட வேண்டும்?

வெள்ளைப் பெயின்ட், ரவுண்டானாவில் சிந்திய டீசல், அக்டோபரில் செவென் சாலைகளில் ஊறிக் கிடக்கும் செஸ்ட்நட் இலை. கோடையில் 'கிராவியோன்' என்று பலகை பார்த்தால் புது ஜல்லி கொட்டியிருக்கிறார்கள் என்று பொருள், காய்ந்திருந்தாலும் வேகத்தைக் குறையுங்கள். தார்ன் பள்ளத்தாக்கில் பெருமழைக்கு மறுநாள் காலை பாறைத்துண்டுகள் சாலையில் கிடக்கும். நெடுஞ்சாலையில் மழை பெய்தால் சட்டப்படியே வரம்பு 130-லிருந்து 110 ஆகிவிடும்.

கேள்வி: அண்ணா, நான் தனியாகப் போகும் பெண். போன் சிக்னல் இல்லாத இடத்தில் விழுந்தால்?

நியாயமான கவலை தங்கச்சி. பிரான்ஸ் பெருநிலப்பரப்பில் மக்கள்தொகை மிகக் குறைந்த மாவட்டம் லோசேர். பள்ளத்தாக்குகளில் சிக்னல் போய்விடும். அன்றைய வழியையும், எத்தனை மணிக்குள் சேர்வீர்கள் என்பதையும் ஒருவருக்குக் காலையில் அனுப்பிவிடுங்கள். அந்த நேரம் தாண்டினால் யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவசர உதவிக்கான 112 எண்ணுக்கு, உங்கள் சிம்முக்குச் சிக்னல் இல்லாவிட்டாலும் வேறு நெட்வொர்க் இருந்தால் அழைப்பு போகும். ரத்த வகை, மருந்து அலர்ஜி, வீட்டு போன் எண் மூன்றையும் பிரெஞ்சில் எழுதி ஜாக்கெட் பையில் வையுங்கள். மலைச்சாலைகளில் இருட்டிய பிறகு ஓட்டாதீர்கள், மான்களும் காட்டுப்பன்றிகளும் குறுக்கே வரும்.

கேள்வி: சாப்பாடு, பெட்ரோல்?

டேங்க் பாதியானதும் நிரப்புங்கள். சூப்பர் மார்க்கெட் பங்க் மலிவு, ஆள் இல்லாவிட்டாலும் பல இடங்களில் கார்டு வேலை செய்யும். மதியச் சாப்பாட்டுக்கு பன்னிரண்டரைக்கே உட்கார்ந்துவிடுங்கள், இரண்டு மணிக்கு மேல் சமையலறை மூடிவிடும். ஞாயிறு பிற்பகலும் திங்களும் கிராமங்களில் பல கடைகள் மூடியிருக்கும், பையில் ரொட்டியும் சீஸும் இருக்கட்டும். ஒப்ராக்கில் நனைந்து நடுங்கிப் போனால் அலிகோ கேளுங்கள். உருளைக்கிழங்கு மசியலில் புதிய தொம் சீஸைப் போட்டு நூல்நூலாக இழுபடும்வரை கிண்டுவார்கள், ஒரு தட்டிலேயே உடம்பு சூடாகிவிடும்.

கேள்வி: எதிரே வரும் பைக்காரர்கள் இரண்டு விரல் காட்டுகிறார்கள். முந்திப்போகிறவர் வலது காலை நீட்டுகிறார். என்ன அது?

விரல் வணக்கம், கால் நன்றி. நீங்கள் ஒதுங்கி வழிவிட்டதற்குத்தான் காலை நீட்டுகிறார், வலது கை ஆக்சிலரேட்டரில் இருக்கிறதே! வணக்கத்துக்கு இடது கையால் பதில் சொல்லுங்கள். ஈர வளைவில் இருந்தால் தலையை அசைத்தாலே போதும், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.