ஈரநில நடைக்கு முதல்முறை போகிறவர் எதைப் பார்ப்பது?

கேள்வி: எங்கள் பகுதி இயற்கை ஆர்வலர் குழு மாதம் ஒருமுறை ஏரிக்கரைக்கு நடை அழைத்துப் போகிறது. தனியாக ஒரு பேச்சும் நடத்துகிறது. எனக்குப் பறவைப் பெயர்கள் தெரியாது, பைனாகுலரும் இல்லை. எட்டு வயது மகனும் வருவான். முதலில் பேச்சைக் கேட்பதா, நேரே நடைக்குப் போவதா?

பதில்: நேரே நடைக்குப் போங்கள். கரையில் நின்று பார்த்தவருக்குத்தான் பேச்சில் கேட்கக் கேள்விகள் இருக்கும். படம் காட்டி முப்பது பெயர்களைச் சொன்னால் வீடு வருவதற்குள் பாதி மறந்துபோகும்.

பெயர் தெரியாதது ஒரு குறையே இல்லை. முதல் சில நடைகளில் பறவைகளில் யார் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறார்கள், எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று மட்டும் பாருங்கள். கொசு உள்ளானுக்குக் கால் குட்டை, அதனால் சேற்று விளிம்பிலேயே ஓடி ஓடிக் கொத்தும். நெடுங்கால் உள்ளான் அதைத் தாண்டி முழங்கால் மூழ்கும் தண்ணீரில் நிற்கும். கரண்டிவாயன் அலகை லேசாகத் திறந்து தண்ணீரில் இடமும் வலமுமாக வீசிக்கொண்டே நடக்கும். இரை அலகுக்குள் பட்டதும் கவ்வும். நத்தைகுத்தி நாரையின் அலகு நடுவில் மூடாமல் இடைவெளி விட்டிருக்கும். நத்தையை ஓட்டிலிருந்து உருவி எடுப்பதில் அது கெட்டிக்காரப் பறவை. ஆழத்தில் முக்குளிப்பான் மூழ்கி வேறிடத்தில் எழும். அல்லி இலைகளின் மேல் நீண்ட விரல்களை ஊன்றி இலைக்கோழி நடக்கும். அதன் முட்டைகளை அடைகாப்பதும் குஞ்சுகளைப் பார்த்துக்கொள்வதும் ஆண்தான். ஒரே ஏரியில் இத்தனை பேர் சண்டையில்லாமல் எப்படிப் பிழைக்கிறார்கள் என்பது இப்படிப் பார்த்தால் தானாகப் புரியும். அப்புறம் பெயர்களும் ஒட்டிக்கொள்ளும்.

இதனால்தான் தண்ணீர் மட்டம் முக்கியம். ஏரி நிரம்பியிருந்தால் வாத்துகளும் நாமக்கோழிகளும் இருக்கும். வற்றிச் சேறு தெரிந்தால் உள்ளான்கள் வரும். கடலோரச் சேற்றுநிலமாக இருந்தால் கடல்நீர் ஏறி இறங்கும் ஓத நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள். தண்ணீர் ஏறிவரும்போது தூரத்தில் மேய்ந்த பறவைகள் கரைப்பக்கம் ஒதுங்கும், நன்றாகப் பார்க்கலாம்.

மகனுக்குத் தட்டான்களைக் காட்டுங்கள், அதற்குப் பைனாகுலர் வேண்டாம். உட்காரும்போது இறக்கையை விரித்து வைத்தால் தட்டான். முதுகோடு சேர்த்து வைத்தால் பெரும்பாலும் ஊசித்தட்டான். கோரைத் தண்டுகளில் வெளிறிய வெற்றுத் தோல் ஒட்டியிருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். தண்ணீருக்குள் புழுவாக வாழ்ந்த தட்டான் மேலேறிவந்து உரித்துப்போட்ட தோல் அது. தவளைகளைக் கையால் பிடிக்க வேண்டாம். தோல் வழியாகத் தண்ணீரையும் காற்றையும் உறிஞ்சும் உயிர் அது. நம் கையிலுள்ள கொசுக் களிம்பு அதற்குக் கெடுதல்.

பைனாகுலரை உடனே வாங்க வேண்டியதில்லை. குழுவில் யாராவது தருவார்கள். பிறகு வாங்கினால், 8 மடங்கு பெரிதாக்கும், முன்வில்லை 42 மி.மீ. உள்ள வகை போதும். அதைவிடப் பெரிதாக்குவது கையில் ஆடும். மங்கிய நிற உடை, தொப்பி, சேற்றுக்கு அஞ்சாத செருப்பு, தண்ணீர். அவ்வளவுதான்.

நடை நல்லதா என்று எப்படித் தெரியும்? வழிகாட்டி ஓரிடத்தில் அரைமணி நேரம் அசையாமல் நின்றால் நல்ல நடை. பறவையை வரவழைக்க அதன் குரலைப் போனில் ஒலிக்கவிட்டால், வேண்டாம் என்று தயங்காமல் சொல்லுங்கள். மேய்ந்துகொண்டிருந்த கூட்டம் தலைதூக்கி அசையாமல் நின்றால் நீங்கள் நெருங்கிவிட்டீர்கள், பின்வாங்க வேண்டும். நெடுந்தூரம் வலசை போகிற பறவை பயணத்துக்கான கொழுப்பை அந்த மேய்ச்சலில்தான் சேர்க்கிறது. ஒவ்வொரு முறை பறக்கவிடும்போதும் அதில் கொஞ்சம் கரைகிறது. ஆள்காட்டிப் பறவை கத்திக்கொண்டு தலைக்குமேல் சுற்றினால் பக்கத்தில் தரையிலேயே முட்டையோ குஞ்சோ இருக்கலாம். வந்த வழியே காலடி பார்த்துத் திரும்புங்கள்.

இரண்டு மூன்று நடைக்குப் பிறகு பேச்சுக்குப் போங்கள். இந்த நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, கழிவு எங்கே கலக்கிறது என்று கேளுங்கள். 1971-இல் ஈரானின் ராம்சர் நகரில் கையெழுத்தான ஈரநில உடன்படிக்கைப்படி, ஏரி, குளம், சதுப்பு போன்றவை இயற்கையோ செயற்கையோ, நிரந்தரமோ தற்காலிகமோ, எல்லாம் ஈரநிலம்தான். ஆகவே உங்கள் தெருமுனைக் குட்டையைப் பற்றியும் கேட்கலாம்.

பார்த்த பறவைகளை, அதற்கென்றே உள்ள ஈபேர்ட் (eBird) செயலியில் பதியுங்கள். இனம் தெரியாவிட்டால் பொதுவாக ‘உள்ளான் வகை’ என்றே பதியலாம். ஆண்டுதோறும் ஜனவரியில் பல நாடுகளில் தன்னார்வலர்கள் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். 1967-இலிருந்து நடக்கும் பணி இது. உங்கள் குழுவும் கலந்துகொண்டால், முதல் வருடம் குறிப்பெடுக்கும் வேலையைக் கேட்டு வாங்குங்கள். அனுபவசாலி எண்ணிக்கையைச் சொல்லச் சொல்ல எழுதும்போது, கூட்டத்தைப் பத்துப் பத்தாகப் பிரித்து எண்ணும் முறை உங்களுக்கும் பழகிவிடும்.