குளக்கட்டில் கூடும் குடும்பம்: பறவை பார்த்தல் பற்றி வாசகர் கேள்வியும் பதிலும்

கேள்வி: எனக்குப் பத்து வயதில் மகளும் ஏழு வயதில் மகனும் இருக்கின்றனர். பறவை பார்ப்பதைக் குடும்பமாகத் தொடங்க விரும்புகிறோம். அதற்கு விலைகூடிய கமரா வேண்டும், யால, குமண போன்ற இடங்களுக்குப் போக வேண்டும் என்று உறவினர்கள் சொல்கின்றனர். அவ்வாறுதானா?
– ஓர் ஆசிரியை, ஒட்டுசுட்டான்

பதில்: இல்லை. முத்தையன்கட்டுக் குளம் உங்கள் ஊருக்கு அருகில் இருக்கும்போது, பறவைக்காக யாலவுக்குப் போக வேண்டிய தேவை எதுவும் இல்லை. ஒரே குளத்துக்கு ஆண்டு முழுவதும் திரும்பத் திரும்பப் போவதே குடும்பத்துக்கு ஏற்ற வழி என்று நான் உறுதியாக நம்புகிறேன். செலவு குறைவு என்பது மட்டும் இதற்குக் காரணம் அல்ல. ஒரு குளத்தின் மாரியையும் கோடையையும் பார்த்து வளரும் பிள்ளைக்கு, எந்தப் பறவை எப்போது வரும், எதற்காக வரும் என்பது புத்தகத்தைத் திறக்காமலே விளங்கத் தொடங்கும்.

வடகீழ்ப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் குளங்களை நிரப்புகிறது. புரட்டாதி அளவில் வடக்கிலிருந்து வலசை வரத் தொடங்கும் ஊசிவால் வாத்துகளும், உள்ளான்களும், கருவால் மூக்கன்களும், தகைவிலான்களும் பங்குனி, சித்திரை வரையில் இங்கே தங்குகின்றன. மத்திய ஆசிய வலசைப்பாதையின் தென்முனையில் இலங்கை இருப்பதால், சைபீரியப் பக்கமிருந்து புறப்பட்ட பறவைகளில் ஒரு பகுதி நம்முடைய குளங்களிலும் களப்புகளிலும்தான் பயணத்தை முடிக்கிறது. ஆனால் பிள்ளைகளை முதன்முதலாகக் கூட்டிச் செல்ல நான் சொல்வது ஆடி, ஆவணி மாதங்கள். அப்போது நீர் வற்றிக் குளம் சேறும் சிறு மடுக்களுமாக எஞ்சி நிற்கும். அகப்பட்ட மீனுக்காக மஞ்சள் மூக்கு நாரைகளும் கூழைக்கடாக்களும் கரண்டிவாயன்களும் ஒரே இடத்தில் திரண்டிருக்கும். பெரிய உருவமும் நெடுநேரம் அசையாமல் நிற்கும் இயல்பும் உள்ள பறவைகள்தான் சிறுவர்களுக்குப் பொறுமையைப் பழக்கும்.

காலை ஆறு மணியளவில் கிழக்குக் கரையில் நின்று மேற்கே பாருங்கள். வெயில் முதுகில் விழும், பறவையின் நிறம் தெளிவாகத் தெரியும். எதிர்வெயிலில் பார்த்தால் எல்லாமே கறுப்பு உருவம்தான். கமராவுக்கு முன்னர் ஒரு பைனாகுலர் வாங்குங்கள். அதில் 8×42 என்று எழுதியிருந்தால், உருவத்தை எட்டு மடங்கு அருகில் காட்டும், முன்கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீற்றர் என்று பொருள். பன்னிரண்டு மடங்கு காட்டுவது இன்னும் நல்லது என்று கடையில் சொன்னால் கேட்காதீர்கள். உருப்பெருக்கம் கூடக்கூடக் கைநடுக்கமும் பெரிதாகித் தெரியும், பார்வைப் பரப்பும் குறுகிவிடும். சிறுவர் பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டே பறவையைத் தேடுவார்கள். முதலில் வெறுங்கண்ணால் பறவையைப் பிடித்து, அதிலிருந்து பார்வையை எடுக்காமல் கருவியைக் கண்ணுக்கு உயர்த்தும்படி பழக்குங்கள்.

தாமரையும் அல்லியும் படர்ந்த மூலையில் சற்று நேரம் காத்திருந்தால் நீள்வால் இலைக்கோழியைக் காணலாம். நீண்ட விரல்களும் நகங்களும் உடற்பாரத்தைப் பரப்பிவிடுவதால், அது மிதக்கும் இலையில் தரையில் நடப்பதைப்போல நடக்கும். முட்டையிட்ட பெண் வேறொரு துணையை நாடிப் போய்விட, அடைகாப்பதும் குஞ்சுகளைக் காப்பதும் ஆண் பறவைதான். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த பின்னர் குஞ்சுகளுடன் நிற்கும் பறவையைக் காட்டிப் பாருங்கள். கேள்விகள் தாமாகவே வரும்.

ஒரு கொப்பி கட்டாயம் வேண்டும். திகதி, நேரம், குளத்தின் நீர்மட்டம், கண்ட பறவை, அதன் எண்ணிக்கை ஆகியவற்றை மகள் எழுதட்டும், மகன் எண்ணட்டும்.

கேள்வி: கட்டுக்கரைக் குளத்தில் விராலடிப்பானைக் கண்டதாக முகநூலில் எழுதினேன். அது செம்பருந்தின் இளம்பறவை என்று சிலர் மறுத்தனர். நான் கண்டதைப் பிறர் ஏற்கும்படி எவ்வாறு பகிர்வது?
– கல்லூரி மாணவர், முருங்கன்

பதில்: வளர்ந்த செம்பருந்தை வெள்ளைத் தலையையும் செங்கபில உடலையும் கொண்டு எல்லோரும் அறிவோம். அதன் இளம்பறவை முழுவதும் கபிலமாக இருப்பதால் குழப்பம் உண்டாகிறது. விராலடிப்பானின் வயிற்றுப்புறம் வெள்ளை; கண்ணை ஊடறுத்து ஒரு கரும்பட்டை கழுத்துவரை செல்லும்; நீண்டு ஒடுங்கிய சிறகு பறக்கும்போது நடுவில் மடங்கித் தெரியும். இவற்றைவிட உறுதியான அடையாளம் அது மீன் பிடிக்கும் முறை. நீருக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, கால்களை முன்னே நீட்டியபடி உடலோடு நீருக்குள் பாயும். செம்பருந்து அவ்வாறு பாய்வதில்லை. மேற்பரப்பில் கிடப்பதைக் காலால் கவ்விக்கொண்டு போய்விடும். இவற்றுள் எதைக் கண்டீர்கள் என்று நீங்கள் எழுதியிருந்தால், மறுத்தவர்களும் அதைப் பற்றியே பேசியிருப்பார்கள். பெயரை மட்டும் எழுதும்போது விவாதம் பறவையை விட்டு ஆளின்மேல் திரும்பிவிடுகிறது.

ஆகவே பகிரும்போது இடம், திகதி, நேரம், எண்ணிக்கை, கண்ட அடையாளம், உங்களுக்குள்ள ஐயம் ஆகிய அனைத்தையும் சேர்த்து எழுதுங்கள். உறுதியில்லாதபோது "பருந்து வகை" என்று நிறுத்திக்கொள்வதில் எந்தக் குறையும் இல்லை. தேர்ந்தவர்களும் அப்படித்தான் எழுதுகின்றனர். நம் வயல்களில் நிற்கும் வெள்ளைக் கொக்குகள் எல்லாவற்றையும் "கொக்கு" என்று ஒன்றாகவே சொல்லிவிடுகிறோம். கறுத்த அலகும் கறுத்த காலும் மஞ்சள் விரல்களும் உள்ளது சின்னக் கொக்கு. வாயின் பிளவுக்கோடு கண்ணையும் தாண்டிப் பின்னே செல்வது பெரிய கொக்கு. மாட்டின் பின்னால் திரியும் குட்டையான மஞ்சள் அலகுள்ளது உண்ணிக்கொக்கு. இவ்வளவையும் பார்க்கத் தூரம் இடங்கொடாவிட்டால் "வெள்ளைக் கொக்கு, இனம் தெரியவில்லை" என்று எழுதுவதே நேர்மையான பதிவு.

முகநூலில் இடுவது அன்றைய மகிழ்ச்சிக்கு உதவும். அடுத்த மாதம் அதைத் தேடி எடுக்க முடியாது. அதனால் பறவைப் பதிவுகளைச் சேர்த்துவைக்கும் ஈ-பேர்ட் (eBird) இணையத்தளத்திலும் பதியுங்கள். அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகம் 2002 இல் தொடங்கிய இத்தளத்தைக் கட்டணமின்றிக் கைப்பேசியிலேயே பயன்படுத்தலாம். எவ்வளவு நேரம் பார்த்தீர்கள், எவ்வளவு தூரம் நடந்தீர்கள், அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் பதிந்துவிட்டீர்களா என்று அது கேட்கும். கடைசிக் கேள்வி மிக முக்கியமானது. எல்லாவற்றையும் பதிந்த பட்டியலிலிருந்துதான் ஒரு பறவை அங்கே காணப்படவில்லை என்பதையும் அறிய முடியும். வழமைக்கு மாறான பதிவு என்றால் பரிசீலகர் ஒருவர் விவரம் கேட்டு எழுதக்கூடும்; அதைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ளாமல், கொப்பியைப் பார்த்துப் பதில் எழுதுங்கள்.

வங்காலையில் பூநாரைகள் நிற்கும் காலத்தில் "ஆயிரக்கணக்கில்" என்று எழுதுவதைத் தவிர்க்கலாம். கூட்டத்தின் ஓரத்தில் ஐம்பது பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணி, அவை அடைத்து நிற்கும் இடத்தின் அளவை மனத்தில் கொண்டு, அதே அளவு முழுக் கூட்டத்தில் எத்தனை முறை அடங்கும் என்று பாருங்கள். வீட்டில் இருவர் தனித்தனியாக எண்ணிப் பின்னர் ஒப்பிட்டால் மதிப்பீடு இன்னும் சீராகும்.

நான் இதை வலியுறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. போர் நடந்த ஆண்டுகளில் வன்னியின் பல குளங்களுக்கும் காடுகளுக்கும் பறவை பார்ப்போர் வந்துபோக முடியவில்லை. 1938 இல் சரணாலயமாக்கப்பட்டு 2015 இல் தேசியப் பூங்காவான சுண்டிக்குளமும், உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2010 இல் சேர்ந்த வங்காலையும் இன்று பலர் கவனத்தில் இருக்கின்றன. ஊருக்கு ஊர் இருக்கும் சிறு குளங்களை யார் எழுதுவது? அங்கே வாழும் குடும்பங்கள்தான் எழுத வேண்டும். ஆண்டுதோறும் தை மாதத்தில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து 1976 முதல் இயங்கும் இலங்கைக் களப் பறவையியல் குழுவோடு தொடர்புகொண்டால், உங்களைப் போன்ற மாணவர்கள் இத்தகைய பணிகளில் சேரும் வழியை அறியலாம்.

கேள்வி: வீட்டுக்குப் பின்னாலுள்ள தரவையில் ஆட்காட்டி முட்டையிட்டிருக்கிறது. மகன் நாள்தோறும் படமெடுத்து, இடத்தையும் குறிப்பிட்டு நண்பர் குழுவுக்கு அனுப்புகிறான். இது சரியா?
– ஒரு தந்தை, கிளிநொச்சி

பதில்: சரியல்ல. அன்போடு தடுத்துவிடுங்கள். ஆட்காட்டி கூடு கட்டுவதில்லை. வெறுந்தரையில், சிறு கற்களுக்கு நடுவே, மண்ணின் நிறத்திலேயே முட்டையிடும். அந்த நிறம்தான் அவற்றுக்கு ஒரே காவல். உங்கள் மகன் நெருங்கும்போது தாயும் தந்தையும் எழுந்து கத்திக்கொண்டு தலைக்கு மேலே வட்டமிடுவதைக் கண்டிருப்பீர்கள். அந்த நேரம் முழுவதும் முட்டைகள் வெயிலில் காய்கின்றன. காகமும் நாயும் அந்தச் சத்தத்தைக் கேட்டு இடத்தை அறிந்துகொள்கின்றன. வீட்டு யன்னலிலிருந்தோ வேலிக்கு இப்பாலிருந்தோ பைனாகுலரால் பார்க்கட்டும். எப்போது ஆள் மாறி அடைகாக்கின்றன என்று நேரத்தோடு குறித்தால், அது படத்தைவிடப் பெறுமதியான பதிவாகும்.

குஞ்சுகள் பறந்து சென்ற பின்னர் படத்தைப் பகிரலாம். அப்போதும் ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கைப்பேசியில் இட அமைவு இயங்கிக்கொண்டிருந்தால் படக்கோப்புக்குள்ளேயே இடம் பதிவாகும் என்பதையும் மகனுக்குச் சொல்லுங்கள். ஆந்தை, கிளி, நாரைக் குடியிருப்பு ஆகியவற்றுக்கு இது இன்னும் பொருந்தும். குரற்பதிவை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதையும் இனப்பெருக்க காலத்தில் அறவே விட்டுவிட வேண்டும். 1937 ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்கீழ் நம் நாட்டின் பெரும்பாலான பறவைகளுக்குப் பாதுகாப்பு உண்டு. எனினும் சட்டத்துக்கு அஞ்சி அல்லாமல், அந்தப் பறவைகளின் பதற்றத்தைக் கண்டு மகன் விலகி நிற்கப் பழகினால் எனக்கு மகிழ்ச்சி.

கேள்வி: காட்டோரமாகப் பிள்ளைகளைக் கூட்டிச் செல்வது பாதுகாப்பானதா?
– ஒரு தாய், புதுக்குடியிருப்பு

பதில்: பழகிய பாதையையும் குளக்கட்டையும் வயல் வரம்பையும் விட்டு விலகாதீர்கள். மிதிவெடி அகற்றும் பணி பெருமளவு நடந்திருந்தாலும், எச்சரிக்கைப் பலகை உள்ள பகுதிக்குள்ளும் நெடுங்காலம் ஆட்கள் புழங்காத பற்றைக்குள்ளும் எந்தப் பறவைக்காகவும் காலடி வைக்கக் கூடாது. இனந்தெரியாத உலோகப் பொருளைக் கண்டால் தொடாமல் பொலிசாருக்கோ கிராம அலுவலருக்கோ அறிவியுங்கள். புது இடத்துக்குப் போகுமுன் அங்கே மாடு மேய்ப்பவர்களிடமும் மீன்பிடிப்பவர்களிடமும் கேளுங்கள். யானை இறங்கும் வழியும் முதலை கிடக்கும் கரையும் அவர்களுக்குத் தெரியும். பொழுது சாயுமுன் வீடு திரும்பிவிடுங்கள்.

கேள்வி: எனக்கு எழுபது வயதைத் தாண்டிவிட்டது, கண்பார்வை மங்கல். பேரப்பிள்ளைகளின் இந்த முயற்சியில் எனக்கும் இடமுண்டா?
– ஒரு பாட்டனார், மல்லாவி

பதில்: உங்களுக்குத்தான் முதலிடம், ஐயா. காட்டோரப் பறவை பார்த்தலில் பெரும்பகுதி காதால் நடப்பது. காட்டுக்கோழியின் கூவல், செண்பகத்தின் ஆழ்ந்த குரல், புலுனிக் கூட்டத்தின் ஆரவாரம், மாரி காலத்தில் விடியலிலும் அந்தியிலும் ஆறுமணிக்குருவி எழுப்பும் சீழ்க்கை ஆகியவற்றைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் காட்ட உங்களைவிட ஏற்றவர் யார்? மெர்லின் என்னும் செயலி குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும். ஆயினும் எல்லாப் பறவைகளையும் அது அறியாது, தவறாகவும் சொல்லும். அது ஒரு பெயரைக் காட்டினால் பேரப்பிள்ளைகள் உங்களிடம் கேட்டு உறுதிப்படுத்தட்டும். வவுனிக்குளத்தில் உங்கள் இளமைக்காலத்தில் எந்தப் பறவைகள் எந்த மாதத்தில் நின்றன, ஊரார் அவற்றை என்ன பெயரால் அழைத்தனர் என்பதையும் சொல்லி எழுதுவியுங்கள். அந்தக் காலத்துப் பதிவு வேறெங்கும் கிடைக்காது.

கேள்வி: மகள் காகத்தையும் புலுனியையும் மட்டுமே எண்ணுகிறாள். பயனுண்டா?
– ஒரு தாய், முழங்காவில்

பதில்: உண்டு. எங்கும் நிறைந்த பறவை குறையத் தொடங்குவதை, அதை முன்னரே எண்ணி வைத்தவர் மட்டுமே அறிவார். காகத்தின் கூட்டில் குயில் முட்டையிடும் என்பதையும் மகளுக்குச் சொல்லுங்கள். இனிமேல் காகக்கூட்டைக் கூர்ந்து கவனிப்பாள்.

கேள்வி: அண்ணன் குடும்பம் கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறது. அங்குள்ள மருமக்களும் இங்குள்ள என் பிள்ளைகளும் சேர்ந்து இதைச் செய்ய வழியுண்டா?
– ஒரு வாசகி, மாங்குளம்

பதில்: மாசி மாதத்தில் நடைபெறும் கொல்லைப்புறப் பறவைப் பெருங்கணக்கெடுப்பு இதற்கு மிகப் பொருத்தமானது. 1998 இல் வட அமெரிக்காவில் தொடங்கி 2013 முதல் உலகெங்கும் விரிந்த இந்நிகழ்வு, ஆங்கில மாதம் பெப்ரவரியில் வெள்ளி முதல் திங்கள் வரை நான்கு நாள்கள் நடக்கும். பதினைந்து நிமிடமாவது பார்த்து, கண்டவற்றை எண்ணி, ஈ-பேர்ட்டிலோ மெர்லினிலோ பதிந்தால் போதும். அந்த நாள்களில் ஸ்காபரோவில் பனி கிடக்கும். மருமக்கள் யன்னலோரம் இருந்தபடி சிவப்புக் கார்டினலையும் நீல ஜேயையும் சிக்கடியையும் எண்ணலாம். உங்கள் பிள்ளைகளுக்கு வலசை வாத்துகள் இன்னும் குளத்தில் இருக்கும் காலம் அது. சிட்டுக்குருவி இரு பட்டியல்களிலும் வரக்கூடும். வட அமெரிக்காவுக்கு அது பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட பறவை. எப்படி அங்கே போனது என்று பிள்ளைகளையே தேடச் சொல்லுங்கள்.

மாசியில் இரு ஊர்களுக்கும் பத்தரை மணி நேர வேறுபாடு இருப்பதால், இங்கே மாலை ஆறு மணிக்கு அழைத்தால் அங்கே காலை ஏழரை. உங்கள் பிள்ளைகள் அன்று கண்டதை வாசித்து முடிக்கும்போது, மருமக்கள் எண்ணத் தொடங்க ஆயத்தமாக இருப்பார்கள்.