வகுப்பில் புரிகிறது, தாளில் வரமாட்டேன் என்கிறது!

கேள்வி: கடலூர் அரசுக் கல்லூரியில் தமிழ் வழியில் பி.எஸ்சி. கணிதம் முடித்தேன். இப்போது தினமும் பஸ்ஸில் புதுச்சேரி போய் எம்.எஸ்சி. முதலாம் ஆண்டு படிக்கிறேன். சார் போர்டில் நிரூபணம் போடும்போது எல்லாமே புரிகிறது. தேர்வில் தேற்றத்தைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் கை ஓடுவதில்லை. ரியல் அனாலிசிஸ் இன்டர்னலில் 40-க்கு 11. பிஎச்.டி. பண்ண ஆசை. வீட்டில் "பி.எட். முடிச்சிட்டு டி.ஆர்.பி. ஆசிரியர் தேர்வு எழுது" என்கிறார்கள். ஆராய்ச்சிக்கு நான் லாயக்கா?
- ஒரு வாசகி, கடலூர்

பதில்: ஒரு இன்டர்னல் மார்க்கை வைத்து லாயக்கா இல்லையா என்று நானும் சொல்ல மாட்டேன், நீங்களும் சொல்லிக்கொள்ளாதீர்கள் தங்கச்சி. சிக்கல் எங்கே என்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. "சார் போடும்போது புரிகிறது" என்கிறீர்கள். அடுத்த வரி என்னவென்று முடிவு செய்வது முழுக்க அவர் வேலையாகிவிட்டது, நீங்கள் சரிதான் என்று ஒப்புக்கொண்டு நோட்டில் இறக்கிக்கொள்கிறீர்கள். பி.எஸ்சி.யில் நோட்ஸை அப்படியே எழுதி 80, 90 வாங்கியவர்கள் எம்.எஸ்சி.யில் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். தமிழ் வழியா, ஆங்கில வழியா என்பதெல்லாம் அப்புறம்.

ஒன்று செய்து பாருங்கள். முடிவுள்ள நீளமும் இரு முனைகளும் கொண்ட மூடிய இடைவெளியில் தொடர்ச்சியான சார்பு வரம்புடையது, அதாவது அதன் மட்டு மதிப்பு ஏதோ ஓர் எண்ணைத் தாண்டாது என்ற தேற்றம் உங்கள் நோட்டில் கண்டிப்பாக இருக்கும். நோட்டை மூடிவிட்டு, நிரூபிப்பதற்கு முன்னால் அந்தத் தேற்றத்தைக் கெடுத்துப் பாருங்கள். 0-க்கும் 1-க்கும் நடுவில் இடைவெளியைத் திறந்துவிட்டால் என்ன ஆகிறது? 1/x எடுங்கள், எல்லாப் புள்ளியிலும் தொடர்ச்சியானதுதான், ஆனால் x பூஜ்யத்தை நெருங்க நெருங்க மதிப்பு ஏறிக்கொண்டே போகிறது. சரி, 0-வைச் சேர்த்துக்கொண்டு வலப்பக்கம் முடிவில்லாமல் நீட்டினால்? x என்ற சார்பே போதும், தேற்றம் போச்சு. தொடர்ச்சியை எடுத்துவிட்டால்? 0-விலிருந்து 1 வரை மூடிய இடைவெளியில் அதே 1/x-ஐ வைத்து, 0-வில் மட்டும் 5 என்று மதிப்பு கொடுங்கள், மறுபடியும் வரம்பில்லை. ஆக, இந்த மூன்று நிபந்தனையும் நிரூபணத்தில் எங்கோ ஓரிடத்தில் வேலை செய்தே ஆகவேண்டும். இப்போது எழுதுங்கள். சார்புக்கு வரம்பில்லை என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு n-க்கும் சார்பின் மட்டு மதிப்பு n-ஐத் தாண்டுகிற ஒரு புள்ளி கிடைக்கும். இடைவெளியின் நீளம் முடிவுள்ளது, அதனால் இந்தப் புள்ளிகளிலிருந்து வரிசை மாறாமல் சிலவற்றை மட்டும் பொறுக்கியெடுத்த ஒரு சப்சீக்வன்ஸ் குவியும். இடைவெளி மூடியது, அதனால் குவிகிற புள்ளி உள்ளேயே இருக்கும். அங்கே சார்பு தொடர்ச்சியானது, அதனால் மதிப்புகளும் ஓர் எண்ணில் குவியவேண்டும். அவையோ எல்லை மீறி ஏறிக்கொண்டிருக்கின்றன. முரண்பாடு, முடிந்தது.

மூன்று நிபந்தனையும் வந்துவிட்டது, மனப்பாடம் செய்ய ஒரு வரி கூட இல்லை. கேள்வியை எப்படித் திருப்பிக் கேட்டாலும் இனி இது கையை விட்டுப் போகாது. வாரத்துக்கு இரண்டு தேற்றம் இப்படிப் போதும். பஸ்ஸில் போகிற நேரம் வீணில்லை, கெடுத்துப் பார்க்கிற வேலைக்குத் தாள் வேண்டாம். முதல் தடவை தமிழும் ஆங்கிலமும் கலந்தே எழுதுங்கள், பிறகு ஆங்கிலத்தில் மாற்றிக்கொள்ளலாம். நிரூபணத்துக்குத் தேவைப்படும் ஆங்கிலம் மிகக் கொஞ்சம்தான். அப்புறம், ஆசிரியரிடம் "சார், புரியலை" என்று மட்டும் போய் நிற்காதீர்கள். "இந்த வரி வரைக்கும் வந்தேன், இங்கே நிற்குது" என்று தாளோடு போங்கள். அந்த ஒரு வரிக்காக அரைமணி நேரம் உட்காருகிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள்.

எம்.டி.டி.எஸ். என்று கணித மாணவர்களுக்கான கோடைப் பயிற்சி 1993-லிருந்து நடக்கிறது, பேராசிரியர் குமரேசன் தொடங்கியது. அங்கே நோட்ஸ் சொல்லிக் கொடுக்க மாட்டார்கள், கேள்வி கேட்டு உங்களையே போர்டுக்கு வரவைப்பார்கள். எம்.எஸ்சி. முதலாம் ஆண்டுக்காரர்களையும் எடுக்கிறார்கள், அவசியம் விண்ணப்பியுங்கள்.

பிஎச்.டி. விஷயத்துக்கு வருகிறேன். ஒரே கணக்கு நான்கு நாள் மசியாமல் கிடந்தால் உங்களுக்கு எரிச்சல் வருகிறதா, ஐந்தாம் நாளும் அதையே எடுக்கத் தோன்றுகிறதா என்று இந்த ஒரு வருடம் கவனியுங்கள். ஆராய்ச்சியில் பெரும்பாலான மாதங்கள் அந்த நான்கு நாள் மாதிரியேதான் போகும். கணக்குப் போடுவதைவிடத் தோழிக்குச் சொல்லிக்கொடுப்பதில் மனசு நிறைகிறது என்றால் பள்ளிக்கூடம்தான் உங்கள் இடம், அதில் குறைவு ஒன்றும் இல்லை. பிளஸ் டூவில் நல்ல கணக்கு டீச்சர் கிடைத்ததால் கணிதத்துக்கு வந்தவர்கள்தானே நம்மில் பாதிப் பேர்.

வீட்டில் சண்டை வேண்டாம், கணக்காகப் பேசுங்கள். ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் கல்லூரி ஆசிரியர் தகுதிக்குமான சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வை எம்.எஸ்சி. கடைசி வருடத்திலேயே எழுதலாம். அதன் 'சி' பகுதியில் ஒரு கேள்விக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடைகள் இருக்கலாம், எல்லாவற்றையும் சரியாகக் குறித்தால்தான் 4.75 மார்க். எந்த நிபந்தனையை எடுத்தால் எது உடையும் என்று தெரியாமல் அங்கே ஒன்றும் நடக்காது. ஜே.ஆர்.எஃப். என்கிற அந்த உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அதோடு வீட்டு வாடகைப் படியும் உண்டு. "கடைசி வருடம் முடியும்வரை டைம் கொடுங்க, கிடைக்கலைன்னா பி.எட். சேர்றேன்" என்று அப்பா அம்மாவிடம் சொல்லுங்கள். முதுகலை ஆசிரியர் பணிக்கு டி.ஆர்.பி. எழுத எம்.எஸ்சி.யும் வேண்டும், பி.எட்.டும் வேண்டும், எனவே இப்போது படிக்கிற படிப்பு எந்தப் பக்கம் போனாலும் கூடவே வரும்.