வளவுக்குள் வந்த பரிசோதகரும் மகனின் காய்ச்சலும்

உங்கள் மின்னஞ்சலின் பெரும்பகுதி, அனுமதி கேளாமல் வளவுக்குள் நுழைந்து கிணற்றையும் கூரைப் பீலியையும் கிளறிப் பார்த்து, நீதிமன்றம் போக நேரிடும் என்று எச்சரித்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மீதான கோபமாகவே இருந்தது. முடிவில் மட்டும், மகள் டெங்குவில் இருந்து தேறிய சில நாட்களில் எட்டு வயது மகனுக்கும் காய்ச்சல் தொடங்கி மூன்று நாளாகிறது என்றும், வைத்தியசாலைக்குக் கொண்டு போனால் மறுபடியும் முகவரியைப் பரிசோதகருக்குக் கொடுத்துவிடுவார்கள் என்பதால் வீட்டில் மீந்திருந்த புரூபன் (இபுபுரோபன்) பாணியைக் கொடுத்து வருவதாகவும் எழுதியிருந்தீர்கள். அதைப் படித்த இரவே, மகனை உடனடியாகத் திருகோணமலைப் பொது வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லும்படி தனியே பதில் அனுப்பினேன். கொண்டு சென்றுவிட்டதாக மறுநாள் நீங்கள் எழுதியது எனக்குப் பெரும் ஆறுதல். ஏன் அவ்வளவு அவசரப்பட்டேன் என்பதை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

டெங்குவில் பிள்ளைக்கு ஆபத்து நெருங்குவது பெரும்பாலும் காய்ச்சல் விடும் வேளையில்தான். மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் உடல் சூடு இறங்கும்போது, சிலருக்குக் குருதிக்குழாய்களில் இருந்து திரவம் கசிந்து நெஞ்சறையிலும் வயிற்றறையிலும் சேரத் தொடங்கும். 24 முதல் 48 மணித்தியாலம் வரை நீடிக்கும் அந்தக் கட்டத்தில், எவ்வளவு திரவம் கொடுப்பது என்று மணிக்கொரு முறை பார்த்துப் பார்த்துத்தான் பிள்ளையைக் காப்பாற்றுகிறோம். 2017ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் கிண்ணியாவில் டெங்கு பரவியபோது பார்த்த ஒரு சிறுமியை நான் மறக்கவில்லை. "காய்ச்சல் விட்டுட்டு டொக்டர், இப்பதான் தூங்குறா" என்று தாய் நிம்மதியோடு சொன்னார். போர்வையை விலக்கிப் பாதத்தைத் தொட்டேன்; கிணற்றுத் தண்ணீரில் தோய்த்து எடுத்தது போலக் குளிர்ந்திருந்தது. நாடி நூலாக ஓடியது. தாய் தூக்கம் என்று நினைத்தது, குருதியோட்டம் குன்றிப்போகும் அதிர்ச்சி நிலையின் தொடக்கம். வீட்டிலேயே தூங்க விடாமல் தூக்கிக்கொண்டு வந்ததால் அந்தப் பிள்ளை பிழைத்தாள்.

ஆகவே, காய்ச்சல் இறங்கும் நேரத்தில் பிள்ளை சோர்ந்து படுத்தாலோ, வயிறு நோகிறது என்று அழுதாலோ, விடாமல் வாந்தி எடுத்தாலோ, கைகால் குளிர்ந்தாலோ, ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் போகாதிருந்தாலோ, இரவு இரண்டு மணியானாலும் முச்சக்கர வண்டியைப் பிடித்துப் புறப்படுங்கள். புரூபன், டைக்குளோபெனாக் போன்றவை குருதிப்போக்கைக் கூட்டக்கூடியவை. டெங்கு என்று சந்தேகம் இருக்கும்போது அவற்றைத் தொடவே கூடாது. நிறைக்கேற்ற அளவில் பனடோல் (பரசிற்றமோல்) மட்டும் போதும். பப்பாசி இலைச்சாறு குருதிச் சிறுதட்டுகளை (பிளேட்லெட்) கூட்டும் என்று உங்களுக்கு வந்த காணொளி, கசியும் திரவத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. சாறு பிழிந்துகொண்டிருக்கும் நேரத்தில்தான் பிள்ளைகள் கைநழுவிப் போகிறார்கள்.

இனி உங்கள் கோபத்துக்கு வருகிறேன். முகவரியைக் கொடுத்தது யாருடைய தனிப்பட்ட விருப்பமும் அல்ல. டெங்கு அறிவிக்கப்பட வேண்டிய நோய். நோய் உறுதியாகும் வரை காத்திராமல், சந்தேகம் எழுந்தவுடனேயே சுகாதார வைத்திய அதிகாரிக்கு எழுத வேண்டியது என்னைப் போன்ற ஒவ்வொரு வைத்தியரின் கடமை. நுளம்புப் பெருக்கத்தைத் தடுப்பதற்கான சட்டமும் 2007இல் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. சனநாயக நாட்டில் என் வளவுக்குள் நான்தான் அதிகாரி என்கிறீர்கள். பெரும்பாலான விடயங்களில் அது சரி. ஆனால் நீங்களே குறிப்பிட்டுள்ளபடி, கரையேற்றி வைத்திருக்கும் பழைய வள்ளத்தின் அடியில் தேங்கிய மழைத்தண்ணீரில் பரிசோதகர் நுளம்புக் குடம்பிகளைக் காட்டியிருக்கிறார். டோர்ச் வெளிச்சம் பட்டவுடன் நெளிந்து அடியில் இறங்கும் அந்தக் குடம்பி, ஒரு வாரம் பத்து நாளில் நுளம்பாகி, உங்கள் மகளைக் கடித்தபின் வேலியைத் தாண்டி அடுத்த வீட்டுக் குழந்தையைக் கடிக்கும். அந்தக் குழந்தையின் பெற்றோர் உங்கள் வள்ளத்தை எட்டிப் பார்க்கவும் முடியாது, கவிழ்க்கவும் முடியாது. அவர்கள் சார்பில் ஒருவர் வந்து பார்க்கத்தான் வேண்டும். 2017இல் மட்டும் இலங்கையில் ஒரு இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் அதிகமானோர் டெங்கு நோயாளர்களாகப் பதிவானார்கள். 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இதே நாடு 2016இல் மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழைப் பெற்றதற்கு, சுவருக்கு மருந்தடிக்கவும் விரலில் குத்தி இரத்தம் எடுக்கவும் வந்தவர்களுக்கு நம் தாய்தந்தையர் கதவைத் திறந்துவிட்டதும் ஒரு காரணம்.

அதற்காக உங்கள் மனக்காயத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. சீருடையோடு வளவுக்குள் வந்து வீட்டாரின் பெயர்களைக் குறித்துக்கொண்டு போனவர்களைப் பற்றிய நினைவு இந்த ஊரில் பலருக்கு இன்னமும் ஆறவில்லை. வருபவர் அடையாள அட்டையைக் காட்டி, வந்த காரணத்தைச் சொல்லி, கண்டதை எழுத்தில் தர வேண்டும் என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை. உங்கள் வளவின் படத்தை அயலவர் ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் போட்டது மன்னிக்க முடியாத செயல். இப்படிப்பட்ட அவமானத்துக்கு அஞ்சித்தான் அடுத்த வீட்டுத் தாய் காய்ச்சலை மறைக்கிறாள். வெளிநாட்டில் இருப்பவரின் பூட்டிய வளவை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை என்ற உங்கள் முறைப்பாடும் நியாயமானது. அதைச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுத்து, பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். சட்டம் அந்த வளவுக்கும் அரச அலுவலகங்களின் கூரைத் தண்ணீர்த் தாங்கிகளுக்கும் ஒன்றுதான்.

குடம்பிகளைக் கொல்ல உங்கள் கிணற்றில் போட்ட மருந்தைப் பற்றிக் கவலை வேண்டாம். குறித்த அளவில் அது குடிதண்ணீரிலும் இடத் தக்கது. புகை அடிப்பது பறக்கும் நுளம்பை மட்டுமே கொல்லும். இழுப்பு (ஆஸ்துமா) உள்ளவர்கள் அந்நேரம் சற்று விலகி நின்றால் போதும்.

அடுத்த வீட்டு மருமகள் ஏழு மாதக் கர்ப்பிணி என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அவர்களுடன் பேச்சு இல்லை என்றாலும் இன்றே வேலிக்கு அருகே போய், உங்கள் வீட்டில் டெங்கு வந்ததைச் சொல்லுங்கள். அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் கண்டால் மூன்றாம் நாள் வரை பார்த்திராமல், முதல் நாளே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.